கொதிப்பு வம்சம்

அதோ, டாக்டரம்மா பின்னாலேயே அந்த நீலக் கதவுக்குள் ஒருவர் போனாரே, பார்த்தீர்களா சார்? வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. அவன் பெயர் ஏகாம்பரம். என் தங்கை வேதவல்லியின் புருஷன். ஊருக்கு அவன் எனக்குச் சம்பந்தியும்கூட. அந்தச் சொல்லை நான் சொல்வதில்லை.

பிரசவ வார்டுக்குள் ஆண்களை விடமாட்டோம் என்று காலையிலிருந்து என்னை இந்த பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார்கள். அவன் மட்டும் எப்படிப் போகிறான் பாருங்கள். உள்ளே போய் என்ன சொல்வான் என்பது எனக்குத் தெரியும். என் அப்பாவைச் சொல்வான். என் அண்ணனைச் சொல்வான். அப்புறம் என்னைச் சொல்வான்.

உள்ளே படுத்திருப்பது என் மகள் மணிமொழி. எட்டாவது மாதம். துணைக்கு அவள் அம்மா, என் மனைவி அமிர்தம், கூட இருக்கிறாள். பிரஷர் ஏறிவிட்டதாம். கை கால் எல்லாம் வீங்கிக் கிடக்கிறது சார். பத்தாவது தேறியபோது நான் வாங்கிப் போட்ட மோதிரம், கழற்ற வரவில்லை. வெட்டித்தான் எடுத்தார்கள். அமிர்தம் அதைத் துணியில் முடிந்து கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். இதோ, சட்டைப் பையில் இருக்கிறது.

சரி, அதை விடுங்கள். டாக்டரம்மா வெளியே வந்து கேட்டாள். சின்னப் பெண், ஆனால் கேள்வியெல்லாம் போலீஸ் மாதிரி. "பொண்ணோட அப்பா நீங்கதானே? உங்க குடும்பத்துல யாருக்காவது கொதிப்பு உண்டா? முன்னாடியே உடம்புல இருந்ததா, கர்ப்பத்தால வந்ததான்னு தெரிஞ்சா எங்களுக்கு முடிவு எடுக்க உதவியா இருக்கும்."

அந்த நேரம் பார்த்து அவன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறான்.

"யாருக்கும் இல்லம்மா" என்றேன்.

"உங்களுக்கு?"

"எனக்கா? நான் ஆஸ்பத்திரிப் பக்கமே ஒதுங்கினதில்ல."

"மச்சான்" என்கிறான் அவன். "மச்சான், பொண்ணு விஷயம். உள்ளதைச் சொல்லுங்க."

"உள்ளதைத்தான் சொல்றேன். எங்க வம்சத்துல யாருக்கும் கிடையாது."

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் பொய் சொல்கிறவன் இல்லை. என் அப்பா பஞ்சாயத்தில் பேசிக்கொண்டிருந்தபோதே விழுந்தார், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, மூன்றாம் நாள் போய்விட்டார். எதனால்? எதிராளி சொன்ன வார்த்தை அப்படி. மானமுள்ள மனுஷன், வார்த்தை தாங்கவில்லை. அதற்குப் பெயர் கொதிப்பா? என் அண்ணன் படப்பை பஸ் நிறுத்தத்தில் விழுந்தார். நிறுத்தத்தைத் தாண்டி இறக்கிவிட்டான் என்று கண்டக்டரோடு சண்டை. சித்திரை மாசத்து வெயில். வெயிலில் நின்று கத்தினால் யார்தான் விழமாட்டார்கள்? வேதவல்லி மாத்திரை சாப்பிடுகிறாள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஏகாம்பரத்தோடு குடித்தனம் பண்ணினால் யானைகூட மாத்திரை சாப்பிடும்.

நான் கோபக்காரன் இல்லை சார். அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

நானும் அவனும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள். மலை ஓரமாக ஒரு மருந்து ஆராய்ச்சி நிலையம். அதில் அனிமல் ஹவுஸ் என்று ஒரு கட்டடம். முயல் உண்டு, சுண்டெலி உண்டு, ஆனால் பெரும்பாடு வெள்ளை எலிதான். கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தீனி வைப்பது, தண்ணீர் பாட்டில் மாட்டுவது, குட்டி போட்டால் பார்த்துக்கொள்வது, இதுதான் வேலை. எனக்கு முதலில் கிடைத்தது. தங்கையைக் கொடுத்த பிறகு அவனையும் நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். தங்கையும் என்னுடையது, வேலையும் என்னுடையது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே எலியில் இரண்டு அறை. ஒன்றில் சாதாரண எலி. நாங்கள் சாது என்போம். இன்னொன்றில் இருப்பது பிறவியிலேயே ரத்தக் கொதிப்பு உள்ள ஜாதி. உப்புப் போடவேண்டாம், ஊசி போடவேண்டாம், வளர்ந்ததும் தானாக ஏறிவிடும். கொதிப்பு வம்சம் என்று பெயர் வைத்தோம். பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதே வெள்ளை, அதே சிவப்புக் கண். கூண்டில் தொங்கும் அட்டையைப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும்.

அந்த வம்சத்தை எப்படி உண்டாக்கினார்கள் என்கிறீர்கள்? ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தங்கையையே ஜோடி சேர்ப்பது. அதில் கொதிப்பு அதிகம் உள்ள குட்டிகளைப் பொறுக்கி மறுபடியும் அண்ணன் தங்கை. மறுபடியும், மறுபடியும். அப்படியே எத்தனையோ தலைமுறை. முதன்முதலில் இதைக் கேட்டுவிட்டு வந்து அமிர்தத்திடம் சொன்னேன். "கர்மம், குளிச்சிட்டு உள்ள வாங்க" என்று வாசலிலேயே வாளியை வைத்தாள். ஒரு வாரம் தண்ணீர்ப் பானையைத் தொடவிடவில்லை.

கொதிப்பை அளப்பது வாலில். எலியை ஒரு குழாய்க்குள் விட்டு, வெதுவெதுப்பாக வைத்து, வாலில் சின்னப் பட்டை மாட்டி அளப்பார்கள். அப்போது அறையில் ஈ பறக்கக்கூடாது. எலி மிரண்டால் கணக்கு ஏறிவிடும். எங்களுக்கு மேலே டாக்டர் வசுமதி என்று ஒரு அம்மா. நல்ல அம்மாதான், வாய் கொஞ்சம் துடுக்கு. ஒருநாள் நான் எலியைப் பிடித்துக் குழாயில் விட்டேன். அளந்து பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். "தணிகாசலம், நீங்க பிடிச்சா சாதுகூட ஏறுது. ஏகாம்பரம், நீங்க வாங்க."

விளையாட்டுக்குச் சொன்னாள். ஆனால் அன்றோடு கொதிப்பு அறை அவனுக்குப் போனது. சாது அறை எனக்கு. நான் ஒன்றும் நினைக்கவில்லை. நான் சேர்த்துவிட்டவன் என் தலைக்கு மேலே போகட்டும், எனக்கென்ன. அவன் அந்த அறைக்கென்று ஒரு காக்கிக் கோட்டு வைத்துக்கொண்டு, துவைக்கவே மாட்டான். வாசனை மாறினால் எலி மிரளுமாம். கிட்டே போனால் வாந்தி வரும். வேதவல்லி எப்படித்தான் இருந்தாளோ.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவன் மகன் இளவழகன். என் மணிமொழிக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இவள், இவளுக்கு அவன் என்றுதான் எல்லார் வாயிலும். யாரும் பேசி முடிவு பண்ணியதில்லை. பேச என்ன இருக்கிறது, முறைதானே. ஏகாம்பரத்தின் சின்ன மகள் வயதுக்கு வந்தாள். தாய்மாமன் சீர் நான்தான் கொண்டுபோகவேண்டும். குறை வைக்கவில்லை சார். பட்டுப்புடவை, பழத்தட்டு, மேளம், சங்கு. அந்தத் தெருவே கதவைத் திறந்து பார்த்தது.

சடங்கு முடிந்து பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நல்ல நேரம், எல்லா ஜனமும் இருக்கிறது. நான் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"வர்ற தையில முடிச்சிடலாமா மாப்பிள்ளை?"

"எதை மச்சான்?"

"எதையா? மொழிக்கும் அழகனுக்கும்தான்."

அவன் வெற்றிலையை மென்றுகொண்டே கீழே பார்த்தான். "அதைத் தனியாப் பேசலாம் மச்சான்."

"தனியா என்ன பேச்சு? இங்க யாரு அந்நியம்? சொல்லுய்யா."

"வேணாம் மச்சான். இன்னொரு நாள்."

"சொல்லுன்னா சொல்லு. எனக்கு மறைச்சுப் பேசி வழக்கமில்ல."

சொன்னான். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுல கொதிப்பு இருக்கு. மாமா அதுலதான் போனாரு. பெரிய மச்சான் அதுலதான் போனாரு. வேதாவுக்கும் வந்தாச்சு. அவ மூலமா அழகனுக்குக் கொஞ்சம் வந்திருக்கும். மேற்கொண்டு மொழியையும் கொண்டாந்து சேர்த்தா, பொறக்கிற பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் ஆயிடும். நாமதான் தினம் பாக்கறோமே. சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துத்தானே அந்த எலி வம்சத்தையே உண்டாக்கினாங்க."

 அப்புறம் மூலையிலிருந்து அவன் சித்தப்பன் ஒருவன், பல் ஒன்றுகூட இல்லாதவன், "அடப்பாவி, பொண்ணை எலிங்கறானே!" என்றான். சிரித்தார்கள் சார். பந்தலே சிரித்தது. மேளக்காரன் சிரித்தான். நான் கூட்டிவந்த மேளக்காரன்.

நான் ஒன்றும் செய்யவில்லை. எழுந்தேன், நான் கொண்டுபோன தட்டை எடுத்துக்கொண்டேன், வந்துவிட்டேன். வாசலில் வாழைமரம் ஒன்று சாய்ந்தது. அதைச் சரியாகக் கட்டவில்லை. "இந்த நேரத்துல இந்தப் பேச்சு தேவையாண்ணா?" என்று வேதவல்லி அழுதுகொண்டே பின்னால் வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் அமிர்தம் என்ன சொன்னாள் தெரியுமா? "அந்த மனுஷன் தனியாப் பேசலாம்னுதானே சொன்னாரு? நீங்கதானே சொல்லு சொல்லுன்னு சொல்ல வச்சீங்க?" என் மகள் அதற்கு மேல். "மாமா சொன்னதுல என்னப்பா தப்பு? எல்லாரும் ஒருதரம் செக் பண்ணிக்கிட்டாப் போச்சு. நீங்களும் வாங்களேன்."

பெற்றவனைப் பார்த்து.

அன்றைக்கு முடிவு பண்ணினேன். எந்த எலியைச் சொல்லி என்னைப் பார்த்து ஊரையே சிரிக்க வைத்தானோ, அந்த எலியை வைத்தே அவனை அழ வைக்கிறேன். அவசரப்படவில்லை. எனக்குப் பொறுமை அதிகம் சார். அதனால்தான் சொல்கிறேன், நான் கோபக்காரன் இல்லை. கோபக்காரனாக இருந்தால் பந்தலிலேயே அடித்திருப்பேன்.

ஆடிக் கிருத்திகைக்கு அவன் காவடி எடுத்துத் திருத்தணி போனான். அன்றைக்கு இரண்டு அறைக்கும் நான்தான். முதல் நாள் ராத்திரிதான் கொதிப்பு அறையில் இரண்டு தாய் குட்டி போட்டிருந்தது. என் அறையிலும் இரண்டு. முருகனே என் பக்கம் என்று நினைத்தேன். பிறந்த குட்டி எப்படி இருக்கும் தெரியுமா? முடி கிடையாது, கண் திறக்காது, தோல் உரித்த வேர்க்கடலை மாதிரி இளஞ்சிவப்பாக நெளியும். காதில் அடையாளம் போடுவது பால் மறந்த பிறகுதான். அதுவரை எந்தக் குட்டி யாருடையது என்று கடவுளுக்கே தெரியாது.

மாற்றிவிட்டேன். கொதிப்புக் குட்டிகளை என் சாதுத் தாய்களிடம். சாதுக் குட்டிகளை அவனுடைய கொதிப்புத் தாய்களிடம். சும்மா வைத்தால் தாய் கடித்துத் தின்றுவிடும். புதுத் தாயின் கூண்டு உமியை எடுத்துக் குட்டிமேல் நன்றாகத் தேய்த்து, அந்த வாசனை ஏறிய பிறகுதான் வைக்கவேண்டும். தேய்த்தேன். வைத்தேன். கதவோரம் நின்று பார்த்தேன். முகர்ந்தது, வாயால் கவ்வி வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. பால் கொடுத்துவிட்டது. கைகழுவிக்கொண்டு வந்து டீ குடித்தேன். அந்த டீ மாதிரி ஒரு டீ என் வாழ்நாளில் குடித்ததில்லை சார்.

மொட்டைத் தலையும் சந்தனமுமாக மறுநாள் வந்தான். என்னைத் தேடிவந்து பிரசாதம் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

"மச்சான், அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிச் சொன்னது தப்புதான். நீங்க வற்புறுத்தினீங்க, நானும் வாய விட்டுட்டேன். அங்க போயும் அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். மனசுல வச்சுக்காதீங்க."

"மனசுலயா? ச்சே ச்சே. உன் கொதிப்பெல்லாம் நல்லா இருக்கா?"

"ரெண்டு ஈத்து புதுசா வந்திருக்கு மச்சான். நல்ல குட்டிங்க."

"ஆமா ஆமா. நல்ல குட்டிங்க."

திரும்ப மாற்றி வைத்திருக்கலாம் என்கிறீர்களா? காதில் அடையாளம் போடுவதற்கு இன்னும் நாள் இருந்தது, மாற்றியிருக்கலாம். எதற்கு மாற்றவேண்டும்? மன்னிப்பு கேட்டது தனியாக. அவமானப்படுத்தியது பந்தலில். கணக்கு சரியாகுமா? பந்தலில் நின்று கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். அப்போதும் மாற்றியிருக்கமாட்டேன். யோசித்திருப்பேன்.

தினமும் டீ நேரத்தில் அவனிடம் குசலம் விசாரிப்பேன். "எப்படி மாப்பிள்ளை வளருது?" "ஜோரா வளருது மச்சான். ரொம்ப அமைதி. இந்த வம்சத்துல இவ்வளவு அமைதியா நான் பார்த்ததே இல்ல." சிரிப்பு வந்துவிடும். சட்டைக்குள் முகத்தை விட்டுக்கொள்வேன்.

குட்டிகள் வளர்ந்தன. அளக்கிற நாள் வந்தது. நான் வேண்டுமென்றே அந்த நேரம் தீனி மூட்டையை அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போனேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வசுமதி அம்மா ஒன்றை அளக்கிறாள், இன்னொன்றை அளக்கிறாள், மெஷினைத் தட்டுகிறாள். அவன் கூண்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.

"ஏகாம்பரம், இது கொதிப்புக் கூண்டா?"

"ஆமா மேடம்."

"ஒண்ணுலகூட ஏறல. எல்லாம் சாது."

"என் கண்ணு முன்னாடிதான் மேடம் வளர்ந்துது."

"அப்போ உங்க கண்ணு முன்னாடியே மாறியிருக்கு."

சாதுக் கூண்டையும் கொண்டுவரச் சொன்னாள். அதில் ஏறியிருக்கிறது. கொதிப்பு வம்சத்துக்குப் பொறுப்பு அவன்தான் என்பதால் பழி முழுக்க அவன்மேல். அவ்வளவுதான். இவன் எந்த நாளில் எதை எங்கே வைத்தானோ என்று இருக்கிற எலி எதையும் நம்ப முடியாமல் போனது. பழைய ஜோடி, புது ஜோடி, எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டினார்கள். வெளியூரிலிருந்து புதிதாகக் கொதிப்பு வம்சம் தருவித்தார்கள். பார்த்துக்கொள்ளப் புது ஆள். இவனைக் கூண்டு கழுவும் அறைக்குத் தள்ளினார்கள். சுடுதண்ணீரும் காஸ்டிக் சோடாவும். ஓய்வு பெறும்வரை அங்கேதான். அவன் வெளியே வந்தால் கையைப் பாருங்கள், தோல் எப்படி இருக்கிறது என்று.

பார்த்தேன். தினமும் பார்த்தேன். போதவில்லை.

ஏன் போதவில்லை என்று கேளுங்கள். அந்த வசுமதி அம்மா சும்மா இருந்திருக்கலாம். எலிகளை ஒழிப்பதற்கு முன்னால் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். படித்தவள் இல்லையா. ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினாள். அவனும் கழுவும் அறையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றான்.

"யாரோ பொறந்த உடனேயே குட்டிங்களை மாத்தியிருக்காங்க. யாருன்னு நான் கேட்கப்போறதில்ல. அவங்கவங்க அறைக்கு அவங்கவங்கதான் பொறுப்பு. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? சாதுத் தாய்கிட்ட பால் குடிச்சு வளர்ந்தும் கொதிப்பு குட்டிகூடவே போயிருக்கு. ரத்தத்துல இருக்கறது அப்படி."

கேட்டீர்களா சார்? கொதிப்பு குட்டிகூடவே போயிருக்கு. அவன் பந்தலில் சொன்னதும் அதுதானே? நான் பாடுபட்டு, உமி தேய்த்து, காத்திருந்து செய்த காரியம், கடைசியில் அவன் சொன்னதற்கே சாட்சி சொல்லிவிட்டது.

வேறு என்னவோகூடச் சொன்னாள். கொதிப்பு இருந்தாலும் அந்தக் குட்டிகளுக்குப் பெற்ற அப்பன் ஆத்தா அளவுக்கு ஏறவில்லையாம். தாய் சாதுவாக இருந்து வளர்த்தால் கொஞ்சம் இறங்குகிறதாம், அதைத்தான் இனிமேல் பார்க்கவேண்டுமாம். வீடு அமைதியாக இருந்தால் ரத்தமும் கொஞ்சம் கேட்குதோ என்னவோ என்றாள். அதெல்லாம் எனக்கு எதற்கு? என் காதில் நின்றது முதலில் சொன்னது.

அப்போது அவன் என்னைப் பார்த்தான். ஒரு பார்வை. கிருத்திகை நாள் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். அவனுக்குத் தெரிந்துவிட்டது சார். அந்த இடத்திலேயே கை நீட்டி, "இவர்தான் மேடம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. வேதவல்லிக்கு இன்றுவரை தெரியாது. எவ்வளவு திமிர் இருக்கவேண்டும் பாருங்கள்! சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், சட்டையைப் பிடித்திருப்பேன், அன்றோடு முடிந்திருக்கும். சொல்லாமலே என்னைச் சின்னவனாக்கி வைத்திருக்கிறான். இத்தனை வருஷமாக.

அப்புறம் என்ன, பிள்ளைகள் இரண்டும் போய்ப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொண்டன. அவனே சாட்சிக் கையெழுத்துப் போட்டானாம். "அதுங்க விருப்பம், வாழப்போறது அதுங்க. உடம்பைப் பாத்துக்கிட்டாச் சரி" என்றானாம். எலி என்று சொன்ன வாய் எப்படித் திரும்புகிறது பாருங்கள். கடைசியில் என் மகளைத்தானே கொண்டுபோனான்? நான் போகவில்லை. வளைகாப்புக்கும் போகவில்லை. மொழி போன் பண்ணுவாள். "தலை சுத்துதுப்பா" என்பாள். "அந்த வீட்டுல உப்பு அதிகம், இங்க வந்துடு" என்பேன். "இங்க உப்பே போடறதில்லப்பா, மாமா விடறதில்ல" என்பாள். போனை வைத்துவிடுவேன்.

நேற்று அவளைப் பார்க்க விட்டார்கள், ஒரு நிமிஷம். முகம் உப்பி, கண் சின்னதாகிக் கிடந்தது. "அப்பா, டாக்டர் கேட்டா எல்லாத்தையும் சொல்லிடுங்கப்பா" என்றாள். "என்னத்தைச் சொல்றது?" என்றேன். "தாத்தா, பெரியப்பா, எல்லாம்" என்றாள். அதுவும் அவன் சொல்லிக்கொடுத்ததுதான். என் பெண் வாயிலேயே என் வம்சத்துக்கு எதிராக வார்த்தையை வைத்துவிட்டான்.

அதனால்தான் சார் இன்றைக்கு இல்லை என்று சொன்னேன். அவன் முன்னால் நான் ஆமாம் என்றால் என்ன அர்த்தம்? பந்தலில் அவன் சொன்னது சரி, என் பெண் எலிதான் என்று அர்த்தம். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், அப்புறம் எத்தனை ஆமாம் வேண்டுமானாலும் சொல்கிறேன். அவன் இல்லாத இடத்தில்.

அதோ, கதவு திறக்கிறது. நர்ஸ் வருகிறாள். கையில் பாருங்கள், பட்டை, மெஷின். எனக்குத்தான். அவன் சொல்லிவிட்டான், நான் சொன்னேனே, சொல்லிவிட்டான்.

சார், ஒரு உதவி. உங்களைப் பார்த்தால் கிட்டத்தட்ட என் வயது. என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிற ஆள் நீங்கள், உங்களுக்கு எதுவும் ஏறியிருக்காது. டாக்டரம்மாதான் என்னைப் பார்த்தாள், இந்த நர்ஸ் பார்த்ததில்லை. மணிமொழி அப்பா யார் என்று கேட்டால் நீங்கள் கையை நீட்டுங்கள். ஒரே நிமிஷம். உங்களுக்கு என்ன நஷ்டம்? ஏன் சார் தள்ளி உட்காருகிறீர்கள்? பெண் உயிர் விஷயமா? அது எனக்குத் தெரியாதா? உங்கள் வேலையைப் பாருங்கள் போங்கள். இவ்வளவு நேரம் கதை கேட்டீர்கள், ஒரு கை கொடுக்க மனசில்லை.

ஆமாம் சிஸ்டர். நான்தான். தணிகாசலம். மணிமொழி அப்பா. எந்தக் கை? இந்தக் கையா? சுற்றுங்கள். எனக்கென்ன பயம்.

அவன் எதற்குப் பின்னாலேயே வருகிறான்?

ஏன் இவ்வளவு இறுக்குகிறீர்கள்? பேசக்கூடாதா? சரி, பேசவில்லை.

இருநூற்றுப் பத்தா? உங்கள் மெஷினில் கோளாறு இருக்கும். தலை எல்லாம் சுற்றவில்லை. நெஞ்சும் வலிக்கவில்லை. சிஸ்டர், அதோ நிற்கிறாரே, அவர் முகத்தைப் பார்த்ததால் ஏறியது. வேறு ஒன்றும் இல்லை. அவரைத் தள்ளிப்போகச் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள். அதை எழுதாதீர்கள். எழுதாதீர்கள் என்கிறேன்.

என்ன சொன்னாய்? உரக்கச் சொல். எல்லார் காதிலும் விழட்டும்.

"என்னாலதான் ஏறிச்சுன்னே எழுதிக்குங்க சிஸ்டர். ஆனா எழுதிக்குங்க. பொண்ணு உள்ள இருக்கு."

கேட்டீர்களா சார்? அங்கே போய் உட்கார்ந்தவரே, உங்களைத்தான். கேட்டீர்களா? அவன் வாயாலேயே சொல்லிவிட்டான், அவனால்தான் என்று. இவ்வளவு பேர் முன்னால். வம்சம் இல்லை, ரத்தம் இல்லை, அவன்! இத்தனை வருஷம் இதற்காகத்தான் காத்திருந்தேன். இப்போதுதான் எனக்கு மூச்சே வருகிறது. எழுதுங்கள் சிஸ்டர், தாராளமாக எழுதுங்கள், அவன் சொன்னபடியே எழுதுங்கள். எழுதிவிட்டு இன்னொருதரம் கட்டுங்கள். இப்போது இறங்கியிருக்கும், பாருங்கள்.

கட்டினீர்களா? எவ்வளவு?

ஏன் சிஸ்டர் பேசமாட்டேன் என்கிறீர்கள்? அவனை எதற்குப் பார்க்கிறீர்கள்? அவனிடம் எதற்குச் சொல்கிறீர்கள்? கை என்னுடையது. என்னிடம் சொல்லுங்கள்.